பி12 கூடுதலா இருந்தா நல்லதா? எலும்பு மஜ்ஜை ரத்தத்தில் எழுதும் கணக்கு

திருவெறும்பூர்ல இருந்து பேசுறேன். இன்னைக்கு எபிசோடு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்ல வர்ற ஒரே ஒரு வரியைப் பத்தினது. விட்டமின் பி12.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் கிடையாது. சாஃப்ட்வேர் இன்ஜினியர். எங்க வீட்டுக்கு இந்த விஷயம் வந்ததால ஒரு வருஷமா உக்காந்து படிச்சேன். படிச்சதை ரெண்டு டாக்டர்கள்கிட்ட சொல்லிச் சரிபார்த்தேன். அதைத்தான் இங்க பகிர்ந்துக்கிறேன்.

பி12-ன்னு சொன்னா நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சது ஒண்ணுதான்: குறைஞ்சிடும். புணே பக்கம் 441 நடுவயசு ஆண்களைப் பரிசோதிச்சு 2006-ல வெளிவந்த ஆய்வுல, 67 சதவீதம் பேருக்குக் குறைவா இருந்துச்சு. சைவம் சாப்பிடுறவங்க, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்குறவங்க, இவங்களுக்கு எல்லாம் டாக்டரே கேட்டுப் பார்க்கச் சொல்லுவாங்க. அதனால ரிப்போர்ட்ல பி12 எண் பெருசா இருந்தா நமக்கு ஒரு நிம்மதி. "பரவாயில்ல, சத்து நிறைய இருக்கு"ன்னு அடுத்த பக்கத்துக்குப் போயிடுவோம்.

மாத்திரையோ ஊசியோ எடுத்துட்டு இருந்தா அந்த எண் பெருசாத்தான் வரும். அதுல ஆச்சரியம் இல்ல. ஆனா எதுவுமே எடுக்காத ஒருத்தருக்கு 1,500, 2,000-ன்னு வந்தா? அந்த எண் அவர் சாப்பிட்ட சாப்பாட்டைப் பத்திப் பேசல. அவரோட எலும்புக்குள்ள என்ன நடக்குதுன்னு பேசுதோன்னு ஒரு தடவை யோசிக்கணும்.

எப்படின்னு பார்ப்போம்.

நம்ம உடம்புல ரத்த அணுக்கள் எல்லாம் எலும்பு மஜ்ஜையில உருவாகுது. பெரியவங்களுக்கு முக்கியமா இடுப்பெலும்பு, முதுகெலும்பு, விலா, மார்பெலும்பு, இங்கெல்லாம். உற்பத்தி அளவைக் கேட்டா தலை சுத்தும். சிவப்பணு மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி. வெள்ளையணுக்கள்ல பெரும்பான்மையான நியூட்ரோஃபில், ஒரு நாளைக்கு 10,000 கோடி அளவுல. இந்த நியூட்ரோஃபில் ரத்தத்துக்கு வந்தப்புறம் ரொம்ப நேரம் தங்குறதில்ல. வழக்கமா சொல்ற கணக்குப்படி ஒரு நாள் கூடக் கிடையாது. அவ்வளவு வேகமா செய்யணும், அவ்வளவு வேகமா அழியணும்.

இவ்வளவு பெரிய தொழிற்சாலைக்குள்ள நேரா எட்டிப் பார்க்கணும்னா ஒரே வழி ஊசி. இடுப்பெலும்புல குத்தி மஜ்ஜையை உறிஞ்சி எடுத்து மைக்ராஸ்கோப்ல பார்க்கணும். மரத்துப் போகுற ஊசி போட்டாலும் வலிக்கும். அதைப் போறவன் வர்றவனுக்கெல்லாம் செய்ய முடியாது. அப்போ வெளியில இருந்தே உள்ளே நடக்கிறதைத் தெரிஞ்சுக்க வழி இருக்கா?

இதுக்கு நம்ம ஊர்லயே நல்ல உதாரணம் இருக்கு. திருவெறும்பூர்ல பிறந்து வளர்ந்தவங்களுக்கு பாய்லர்னா என்னன்னு சொல்லித் தர வேண்டியதில்ல. 1960-கள்ல பெல் வந்ததுல இருந்து இந்தப் பக்கம் தெருவுக்கு ஒரு வெல்டர், ஒரு ஃபிட்டர் இருப்பாங்க. ஓடிட்டு இருக்குற பாய்லரோட உலைக்குள்ள யாரும் போய்ப் பார்க்க முடியாது. ஆனா வெளியில வர்ற புகையில ஆக்சிஜன் எத்தனை சதவீதம், கார்பன் மோனாக்சைடு எவ்வளவு, சாம்பல்ல எரியாத கரி எவ்வளவு தங்கியிருக்குன்னு பார்த்தாலே உள்ளே நிலக்கரி எப்படி எரியுதுன்னு சொல்லிடுவாங்க. சாம்பல்ல கரி கூடிச்சுன்னா, உள்ளே ஏதோ சரியா எரியல.

மஜ்ஜைக்கும் இப்படிச் சாம்பல் இருக்கு. வெள்ளையணுக்கள் தங்களுக்குள்ள சின்னச் சின்னப் பைகள் வெச்சிருக்கும். கிரான்யூல்னு சொல்லுவாங்க. கிருமியோட சண்டை போடுறதுக்கான புரதங்கள் எல்லாம் அதுல ரொம்பி இருக்கும். அணு வளரும்போதும், செயல்படும்போதும், சாகும்போதும் அதுல கொஞ்சம் ரத்தத்துல கசியும். அந்தக் கசிவை அளந்தா, மஜ்ஜையில எத்தனை பேர் வேலை செய்யுறாங்க, எவ்வளவு வேகமா வந்து போறாங்கன்னு ஒரு குத்துமதிப்பு கிடைக்கும்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. எல்லாப் பைகளும் ஒரே நேரத்துல நிரம்புறதில்ல. மஜ்ஜையில அணு ரொம்ப இளசா இருக்கும்போது முதல் வகைப் பை உருவாகுது. மைலோபெராக்சிடேஸ் மாதிரியான புரதங்கள் அதுக்குள்ள போகும். கொஞ்சம் வளர்ந்து மைலோசைட்ங்கிற கட்டம் வந்ததும் ரெண்டாவது வகைப் பை. லாக்டோஃபெரின், ஹாப்டோகோரின் எல்லாம் இதுல. அதனால எந்தப் புரதம் ரத்தத்துல கூடுதுன்னு பார்த்தா, எந்த வயசு அணுக்கள் பெருகிக் கிடக்குதுன்னு ஊகிக்கலாம்.

இந்த ஹாப்டோகோரின் தான் நம்ம கதாநாயகன். டிரான்ஸ்கோபாலமின்-1னும் சொல்லுவாங்க.

பி12 ரத்தத்துல தனியா சுத்துறதில்ல. அதைச் சுமக்க ரெண்டு வண்டி. ஒண்ணு டிரான்ஸ்கோபாலமின். இது டெலிவரி வண்டி. பி12-ஐ ஏத்திக்கிட்டு நேரா செல்களுக்குப் போய் இறக்கிடும். மணிக்கணக்குல வேலை முடிஞ்சிடும். இன்னொண்ணு ஹாப்டோகோரின். இதுவும் பி12-ஐ ஏத்திக்கும், ஆனா பெரும்பாலான செல்களால இதுகிட்ட இருந்து பி12-ஐ வாங்கிக்க முடியாது. நாள்கணக்குல சும்மா சுத்திட்டே இருக்கும். ரத்தத்துல இருக்குற பி12-ல சுமார் 80 சதவீதம் இந்த ரெண்டாவது வண்டியிலதான் உக்காந்திருக்கு.

இப்போ லேப்ல சாதாரணமா அளக்குறது மொத்த பி12. ரெண்டு வண்டியிலயும் இருக்குறதைச் சேர்த்து. அப்போ ஹாப்டோகோரின் வண்டிகள் திடீர்னு அஞ்சு மடங்கு, பத்து மடங்கு பெருகினா? அதுல ஏறி உக்காந்த பி12-ம் சேர்ந்து எண்ணப்படும். ரிப்போர்ட்ல எண் எகிறும். செல்களுக்குக் கிடைக்கிற பி12 கூடியிருக்காது. சொல்லப்போனா, ஏற்கெனவே குறைபாடு இருந்த ஒருத்தருக்கு இந்த வண்டிப் பெருக்கம் குறைபாட்டை மறைச்சும் வெச்சிடலாம்.

தலைகீழான உதாரணமும் உண்டு. பரம்பரையா ஹாப்டோகோரின் குறைவா இருக்குற சிலர் இருக்காங்க. அவங்களுக்கு மொத்த பி12 எண் ரொம்பக் கம்மியா வரும். ஆனா பெரும்பாலும் குறைபாட்டு அறிகுறி எதுவும் இருக்காது. ஏன்னா டெலிவரி வண்டி ஒழுங்கா ஓடிட்டு இருக்கு.

சரி, ஹாப்டோகோரின் எப்போ அப்படிப் பெருகும்? அதை உற்பத்தி செய்யுற மைலோசைட் வகையறா மஜ்ஜையில கட்டுக்கடங்காம பெருகும்போது. அதுக்கு முதல் உதாரணம் சி.எம்.எல். நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய். 1950-கள்லயே இந்த நோயாளிகள்கிட்ட பி12 மிக அதிகமா இருக்குறதை மருத்துவர்கள் கவனிச்சுட்டாங்க. சிவப்பணு அளவுக்கு மீறிப் பெருகுற பாலிசைத்தீமியா வீரா நோய்க்கு 1970-கள்ல வகுத்த அளவுகோல்ல, பி12 900-க்கு மேல இருந்தா அதையும் ஒரு துணை ஆதாரமா எடுத்துக்கலாம்னே எழுதி வெச்சிருந்தாங்க. 2005-ல ஜாக்2 மரபணு மாற்றம் தெரிய வந்ததுக்கப்புறம் அந்த அளவுகோலுக்கு வேலை குறைஞ்சுது. ஆனா உயிரியல் மாறல.

இப்போ எங்க வீட்டுக் கதை.

என் சித்தப்பா இங்க ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்ல வெல்டர். அப்போ வயசு 43. ஒரு மூணு மாசமா சாப்பாடு இறங்கல. ரெண்டு இட்லி சாப்பிட்டா வயிறு நிறைஞ்சிடும். "கேஸ் ட்ரபிள்"னு ஓமத்தண்ணி குடிச்சிட்டு இருந்தார். இடைகூட கொஞ்சம் குறைஞ்சுது. சித்தி வற்புறுத்தி ஒரு செக்கப் பேக்கேஜ் எடுத்தாங்க. ரிப்போர்ட் வாட்சப்ல வந்துச்சு. கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூடுதல். சர்க்கரை நார்மல். வெள்ளையணு 41,000. பி12 "2,000-க்கு மேல்". மாத்திரை, ஊசி எதுவும் எடுத்ததில்ல.

குடும்ப குரூப்புல என்ன பேச்சு தெரியுமா? கொலஸ்ட்ராலைப் பத்தி. வெள்ளையணு கூடுதலா இருந்ததை "எங்கயாவது இன்ஃபெக்‌ஷன் இருக்கும்"னு முடிச்சுட்டாங்க. பி12-க்கு ஒரு மாமா கட்டைவிரல் எமோஜி போட்டார்.

அடுத்த நாள் காட்டின டாக்டர் ரிப்போர்ட்டை முழுசாப் பார்த்தார். இடது விலாவுக்குக் கீழ கை வெச்சு அழுத்தினார். மண்ணீரல் வீங்கி இரைப்பையை நெருக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு இட்லிக்குக் காரணம் அதுதான். ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டுல தடவிப் பார்க்கிற பெரிஃபெரல் ஸ்மியர் எடுக்கச் சொன்னார். அதுல மஜ்ஜையை விட்டு வெளிய வரவே கூடாத மைலோசைட்கள் கூட்டம் கூட்டமா இருந்துச்சு. அப்புறம் மரபணு டெஸ்ட். சி.எம்.எல். உறுதியாச்சு.

இங்க ஒண்ணைச் சரியாச் சொல்லணும். நோயைக் கண்டுபிடிச்சது பி12 இல்ல. வெள்ளையணு எண்ணிக்கையும் ஸ்மியரும்தான். ஆனா டாக்டர் எங்ககிட்ட சொன்னது மனசுல நின்னுச்சு: "ரெண்டு வரியும் ஒரே இடத்தைக் காட்டுது." எங்க வேலையிலயும் இதுதான். சர்வர்ல ஒரு அலர்ட் வந்தா பொய்யா இருக்கலாம். சம்பந்தமில்லாத ரெண்டு லாக் ஒரே இடத்தைக் காட்டினா, போட்ட காபியை வெச்சுட்டு எழுந்திரிக்கணும்.

இந்த நோய் இந்தியாவுல வேலைக்குப் போற வயசுலயே வருது. மேற்கு நாடுகள்ல சராசரியா அறுபதை ஒட்டிக் கண்டுபிடிக்கிறாங்க. இங்க நாற்பதை ஒட்டி. வீட்டுக் கடன், பிள்ளைகள் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் ஓடிட்டு இருக்குற வயசு.

நல்ல விஷயம், இதுக்கு மாத்திரை இருக்கு. இமாடினிப். 2001-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. அந்த மாத்திரை வெச்சு நடந்த பெரிய ஆய்வுல, பத்து வருஷம் கழிச்சும் 83 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க. அதுக்கு முன்னாடி இந்த நோய்க்கு அப்படி ஒரு எண்ணை யாரும் பார்த்ததில்ல.

அந்த மாத்திரை நம்ம கைக்கு எட்டினதுல சென்னைக்கும் பங்கு உண்டு. இதன் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் கம்பெனி போட்ட விண்ணப்பத்தை, 2006 ஜனவரியில சென்னை காப்புரிமை அலுவலகம் நிராகரிச்சுது. ஏற்கெனவே தெரிஞ்ச பொருளோட புது வடிவம் மட்டும் போதாது, சிகிச்சைப் பலன் கூடணும்னு சொல்ற 3(டி) பிரிவும் அதுக்கு ஒரு முக்கியக் காரணம். அந்தப் பிரிவே செல்லாதுன்னு கம்பெனி தொடுத்த வழக்கை 2007 ஆகஸ்ட்ல சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செஞ்சுது. கடைசியா 2013 ஏப்ரல் 1 அன்னைக்கு உச்ச நீதிமன்றமும் கம்பெனியோட மேல்முறையீட்டை நிராகரிச்சுது. அப்போ பேசப்பட்ட விலை: கம்பெனி மருந்து மாசம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் செய்யுறது 8,000-ல இருந்து 10,000. கம்பெனி பல நோயாளிகளுக்கு இலவசமாவும் கொடுத்துச்சு, அதையும் சொல்லணும். ஆனா ஒரு வெல்டர் வீட்டுக்கு, யாரோட தயவும் இல்லாம மெடிக்கல் ஷாப்ல வாங்கக் கூடிய விலைங்கிறது வேற விஷயம்.

சித்தப்பா இப்போ தினமும் ராத்திரி சாப்பாட்டோட அந்த மாத்திரை போடுறார். வேலைக்குப் போறார். மூணு மாசத்துக்கு ஒரு தடவை கையில ரத்தம் எடுத்து அந்த மரபணு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்க்குறாங்க. அதுவும் மஜ்ஜையைப் பத்தி ரத்தத்துல படிக்கிற கணக்குதான்.

இதே மாதிரி இன்னும் ரெண்டு புரதங்களைச் சுருக்கமாச் சொல்லிடறேன்.

ஒண்ணு லைசோசைம். பெனிசிலின் கண்டுபிடிச்ச அலெக்சாண்டர் ஃபிளெமிங், அதுக்குப் பல வருஷம் முன்னாடி, 1922-ல அறிவிச்சது. கண்ணீர், சளி, முட்டையோட வெள்ளைக் கரு எல்லாத்துலயும் இருக்கும். பாக்டீரியாவோட சுவரைக் கரைக்கும். நியூட்ரோஃபில்லயும் மோனோசைட்லயும் நிறைய இருக்கு. 1966-ல ஆசர்மன், லாலர்னு ரெண்டு பேர், மோனோசைட் வகை ரத்தப் புற்றுநோய்ல ரத்தத்துலயும் சிறுநீர்லயும் இது கொட்டுதுன்னு காட்டினாங்க. அப்புறம் வந்த ஆய்வுகள், வெள்ளையணுக்கள் எவ்வளவு வேகமா உருவாகி அழியுதுங்கிறதோட இந்த அளவு சேர்ந்து போகுதுன்னு சொல்லுச்சு.

ரெண்டாவது ரொம்பப் பழசு. 1845-ல லண்டன்ல ஒரு மளிகை வியாபாரி. எலும்பெல்லாம் வலி. அவரோட சிறுநீரைச் சூடு பண்ணினா ஒரு புரதம் திரண்டு வந்துச்சு, கொதிக்க விட்டா கரைஞ்சுது, ஆறினா திரும்பத் திரண்டுச்சு. ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ்ங்கிற மருத்துவர் அதை ஆராய்ஞ்சு எழுதினார். அது மஜ்ஜையில பெருகின பிளாஸ்மா செல்கள், அதாவது ஆன்டிபாடி செய்யுற வெள்ளையணு வகை, வெளியேத்தின ஆன்டிபாடித் துண்டுன்னு தெளிவாக நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்கு மல்டிபிள் மைலோமா சந்தேகம் வந்தா, ரத்தப் புரதங்களை மின்சாரத்துல பிரிச்சுப் பார்க்கிற எலக்ட்ரோஃபோரெசிஸ் டெஸ்ட்ல இதோட குடும்பத்தைத்தான் தேடுறாங்க. வயசானவங்களுக்கு விடாத முதுகுவலியும் ரத்தசோகையும் சேர்ந்து வந்தா டாக்டர் இதைக் கேக்குறதுக்குக் காரணம் இதுதான்.

இதையெல்லாம் கேட்டுட்டு உடனே கூகுள்ல தேடிப் பயந்துடாதீங்க. பாய்லருக்கு வருவோம். புகையில ஆக்சிஜன் கூடுதலா காட்டினா, உள்ளே காத்து அதிகமாப் போகுதுன்னு அர்த்தம். ஆனா வழியில டக்ட்ல ஓட்டை இருந்து வெளிக்காத்து உள்ள புகுந்தாலும் அதே எண்தான் வரும். உலை மேல ஒரு குறையும் இருக்காது. அனுபவம் உள்ளவங்க முதல்ல ஓட்டையைத் தேடுவாங்க.

இங்கயும் ஓட்டைகள் உண்டு. லைசோசைம் சின்னப் புரதம், சிறுநீரகம் வழியாத்தான் வெளியேறும். சிறுநீரகம் மந்தமானா மஜ்ஜை ஒழுங்கா இருந்தாலும் ரத்தத்துல தேங்கும். பி12-ஐச் சேமிச்சு வைக்கிறது கல்லீரல். கல்லீரல் கெட்டா பி12 வெளியில கொட்டும். நரம்புக்குன்னு எழுதிக் கொடுத்த மாத்திரையில பி12 இருக்கும், நமக்கே தெரியாது. ரத்தத்துல ஒரு எண்ணுங்கிறது எவ்வளவு செஞ்சாங்க, எவ்வளவு செத்துச்சு, எவ்வளவு வெளியேறுச்சு, மூணையும் கூட்டிக் கழிச்சு வர்ற மிச்சம். மிச்சத்தை மட்டும் பார்த்து எந்த வரவு கூடுச்சு, எந்தச் செலவு நின்னுச்சுன்னு சொல்ல முடியாது.

டென்மார்க்ல 3,33,667 பேரை வெச்சு 2013-ல ஒரு ஆய்வு வந்துச்சு. புற்றுநோய் இல்லாதவங்க, பி12 மருந்து எடுக்காதவங்க. இதுல பி12 அதிகமா இருந்தவங்களுக்கு, முக்கியமா அடுத்த ஒரு வருஷத்துக்குள்ள, ரத்தப் புற்றுநோய் உட்பட சில புற்றுநோய்கள் கண்டுபிடிக்கப்படுறது கூடுதலா இருந்துச்சு. பி12 புற்றுநோயைக் கொண்டு வந்துச்சுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. உள்ளே ஏற்கெனவே இருந்த நோய் அந்த எண்ணை ஏத்தியிருக்கலாம்னு அர்த்தம். அப்பவும், எண் கூடுதலா இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குப் புற்றுநோய் வரல.

அதனால நான் கேட்டுக்கிறது மூணே விஷயம். ஒண்ணு, பேக்கேஜ் ரிப்போர்ட் வந்தா மாத்திரை, ஊசி என்னென்ன எடுக்குறீங்கன்னு எழுதி அதோட சேர்த்து டாக்டர்கிட்ட கொண்டு போங்க. ரெண்டு, எதுவுமே எடுக்காம பி12 எக்கச்சக்கமா இருந்தா, அதே ரிப்போர்ட்ல சி.பி.சி. பக்கத்தைத் திருப்பி வெள்ளையணு, ஹீமோகுளோபின், பிளேட்லெட் எப்படி இருக்குன்னு பாருங்க. அதுலயும் ஏதாவது தப்பா இருந்தா, ஒரு ஸ்மியர் பார்க்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. சில நூறு ரூபாய்க்குள்ள முடியுற டெஸ்ட். மூணு, பழைய ரிப்போர்ட்களைத் தூக்கிப் போடாதீங்க. ஒரு எண்ணை விட, அதே எண் போன வருஷம் எங்க இருந்துச்சுங்கிறது டாக்டருக்கு நிறையச் சொல்லும்.

குடும்ப குரூப்புல ரிப்போர்ட் வந்தா கட்டைவிரல் போடுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: இந்த எண்ணை உடம்புல யார் எழுதினது? சாப்பாடா, மாத்திரையா, கல்லீரலா, மஜ்ஜையா?

கேள்விகள் இருந்தா அனுப்புங்க. எனக்குத் தெரிஞ்சா சொல்றேன், தெரியலன்னா தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டு வந்து அடுத்த எபிசோடுல உக்கார வெக்கிறேன்.